ஜிம்மி தண்ணீர் குடித்த பத்து நாட்கள்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பட்டியலைப் போட்டிருந்தார்கள். வீட்டில் வளர்க்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன நாய் இனங்களாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம். தடை வந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். இல்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். எந்த நாயும் வளர்க்காத மூன்றாவது மாடிக்காரர், எல்லா நாயையுமே தடை செய்துவிடலாம் என்று பேச்சை முடித்துவைத்தார். நான் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ராட்வீலர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாய் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. எங்கள் மணி அப்படிப் பல்லைக் காட்டி நான் பார்த்தது கொட்டாவி விடும்போதுதான். பட்டியலில் பொமரேனியன் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வந்தது.

மணி எங்களோடு இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். முன்பக்கத்தில் வீட்டுக்காரர் குடும்பம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிய குடும்பம் அது. வீட்டுக்காரர் மட்டும் திருத்தணிக்கு வந்து லுங்கிக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். அப்பாவை சாரு என்பார், அம்மாவை சிஸ்டரம்மா என்பார். வாடகையை ஒருநாளும் வாசலில் வந்து கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் முன்பக்கம் போகும், தீபாவளிக்கு அவர்கள் அதிரசம் பின்பக்கம் வரும். கறிக்குழம்பு மட்டும் எங்களிடமிருந்து போனதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

மணியைக் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி. அவர் சென்னையில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டார் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது சோபாவை ஒருவருக்கும் வாஷிங்மெஷினை ஒருவருக்கும் கொடுத்துவிட்டு, நாயை மாமாவுக்குக் கொடுத்தார்கள். மாமா அதை எங்களுக்குக் கொடுத்தார். தனக்கு வருவதையெல்லாம் அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போவது மாமாவின் வழக்கம். கறுப்பு உடம்பு, புருவம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு, என் ஸ்கூல் பை அளவுக்குத் தலை. வால் கிடையாது. குட்டியிலேயே வெட்டிவிட்டார்களாம். அந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சந்தோஷம் வந்தால் அது மட்டும் ஆடும், கூடவே பின்புறம் முழுவதும் ஆடும். அதற்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருந்தது. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. அப்பா மணி என்று வைத்தார். பெயரைக் கேட்டாலாவது தெருக்காரர்களுக்குப் பயம் குறையட்டும் என்று அம்மா சொன்னாள்.

குறையவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு முதலில் கேட்பது, இது என்ன ஜாதி என்றுதான். அப்பா பாடம் நடத்துகிற குரலில் விளக்குவார். ஜெர்மனி நாய், அந்தக் காலத்தில் மாடு ஓட்ட வைத்திருந்தார்கள், கறிக்கடைக்காரர்கள் வண்டி இழுக்க வைத்திருந்தார்கள் என்பார். அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மட்டும் இப்படி நேராகக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது சார் என்பார்கள். மணவூர்ப் பக்கம் என்பார் அப்பா. ஊரில் வீடு எந்தப் பக்கம் என்பார்கள். அதற்கு அப்பா, நேரமாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பெல் அடித்துவிடுவார்கள் என்று சைக்கிளை எடுத்துவிடுவார். நாயைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவருக்குத் தன்னைப் பற்றிப் பேச ஒரு நிமிஷம் இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வீட்டுக்காரர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. ஜிம்மி. வெள்ளைப் பொமரேனியன். புசுபுசுவென்று தலையணையைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும். அது கேஸ் சிலிண்டர்காரரைக் கடித்திருக்கிறது. பால்காரரை இரண்டு முறை கடித்திருக்கிறது. வீட்டுக்காரரின் பிள்ளைகள் இரண்டு பேர் கையிலும் அதன் பல் தடம் இருந்தது. என் கெண்டைக்காலில் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைக் கடி என்று சொல்ல மாட்டார்கள். ஜிம்மி விளையாடுகிறான் என்பார்கள். அதற்கு ஊசி போட்டிருக்கிறீர்களா என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு எதற்கு ஊசி என்று கேட்டார். மணியை வந்த வாரமே அப்பா மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போய் ஊசி போட்டு, அட்டை வாங்கி, அதை எங்கள் ரேஷன் அட்டை அளவுக்குப் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தார்.

மணியிடம் பயப்படாத வெளியாள் ஒருவர்தான். அது வீட்டுக்காரர். காலையில் பம்ப்செட் போட வரும்போது சட்டைப் பையில் ஒரு மேரி பிஸ்கட் கொண்டுவருவார். மணி முன்காலைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்து அதை வாங்கித் தின்னும். வீட்டுக்காரம்மா பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் இது நடக்கும். ஜிம்மிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்ளும் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார்.

அந்த வருட ஆடிக் கிருத்திகைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் அண்ணன்தான் காவடிக்குத் தலைமை. விடியற்காலையில் பம்பை அடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். வீட்டுக்காரர் மூன்று நாளாக ஒருவேளைச் சாப்பாடு. பொய்கையில் முழுகி, மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மலை ஏறி இறங்கி வர வேண்டும். நாங்கள் மலைக்குப் போகிறவர்கள் இல்லை. அம்மா கேட்டில் ஒரு பெரிய அண்டாவில் மோர் கரைத்து வைத்து, போகிற வருகிற காவடிக்காரர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். வருடா வருடம் அது எங்கள் வேலை. ஊற்றுகிற கை யாருடையது என்று அன்றைக்கு மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தெருவில் பம்பை ஓயவே இல்லை. ஜிம்மி முன்பக்கத்து ஸ்கூட்டருக்கு அடியில் புகுந்துகொண்டு, குலைத்துக் குலைத்துத் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. மணியைப் பம்ப்ரூம் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். அது போய்க் குளியலறைச் சுவரோரம் படுத்துக்கொண்டது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் பின்பக்கச் சந்து வழியாகத் தனியாக வந்தார். முன்வாசலில் கூட்டமாக இருந்ததால் கால் கழுவ இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கே அவரை உடனே அடையாளம் தெரியவில்லை. தலையில் முடி இல்லை, மீசை இல்லை, கழுத்து வரைக்கும் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி. மணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அது எழுந்து, பின்புறம் ஆட, நேராகப் போய் முன்காலைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்தது. காலையில் பிஸ்கட் வரவில்லையே என்று கேட்கிற மாதிரி இருந்தது. மூன்று நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் கிடந்த உடம்பு, வெயிலில் மலை ஏறி இறங்கிய கால். அவர் ஒரு பக்கமாகத் திரும்பித் தடுமாறிக் குப்புற விழுந்துவிட்டார்.

விழுந்த சத்தத்துக்கு ஜிம்மி முன்பக்கத்திலிருந்து ஓடி வந்தது. தன் வீட்டில் யாரோ மஞ்சள் மனிதன் கிடக்கிறான் என்று நினைத்ததோ என்னவோ, நேராக வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடிவிட்டது. அவர் வலியில் புரண்டு மேலே பார்த்தபோது, அவர் முகத்துக்கு நேராக இருந்தது மணியின் முகம். அது அவர் சந்தனத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் போட்ட கூச்சலில் முன்வாசல் கூட்டம் மொத்தமும் பின்பக்கம் வந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழே ரத்தம் வழிகிற கால், பக்கத்தில் கறுப்பு நாய். கேட்பதற்கு என்ன இருக்கிறது? அப்பா ஓடி வந்து மணியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அம்மா மோர்க் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, வீட்டுக்காரரைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் காலைக் கழுவ ஆரம்பித்தாள். சுற்றி அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கால்மணி நேரம் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கடித்த இடத்தில் நான்கு சின்னச் சின்னப் புள்ளிகள். என் காலில் இருக்கிற அதே அளவு. அது என் கண்ணிலும் பட்டது.

வீட்டுக்காரம்மாவின் அண்ணன் அப்பாவைப் பார்க்காமல் தன் தங்கையைப் பார்த்துப் பேசினார். இந்த இன நாய்க்கு ரத்தத்திலேயே வெறி உண்டு, வெளிநாட்டில் இதையெல்லாம் வளர்க்க விடுவதே இல்லை, பார்த்த இடத்தில் சுட்டுவிடுகிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"அப்பவே தலப்பாடா அடிச்சிகினேன், இவங்களுக்கு வூடு வுடாதன்னு. கேட்டியா நீ?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மணியைச் சொன்னால் நான்தானே கேட்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன்.

"மணி கடிக்கல. ஜிம்மிதான் கடிச்சிது. நான் பாத்தேன்."

  வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அவர் அண்ணன் சிரித்தார். அப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். அவர் என்னை அப்படித் தள்ளியது அதுதான் முதல் முறை.

"கொயந்த தெரியாம சொல்லுது. எங்க நாய்தாங்க கடிச்சிது. நாளைக்கே அனுப்பிட்றேன்."

வீட்டுக்காரர் காலைத் துடைத்துக்கொண்டே, மெதுவாக, "நாய மட்டும் அனுப்பிடுங்க சாரு. வேற ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அப்பா தலையாட்டினார். மணி அப்பா கைப்பிடியில் நின்றபடியே வீட்டுக்காரரைப் பார்த்துப் பின்புறத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. பிஸ்கட் இன்னும் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா ஒரு குட்டியானை வண்டியோடு வந்தார். நகரிப் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது, அங்கே காவலுக்கு நாய் வேண்டுமாம். தோப்பு முழுவதும் மணியின் ராஜ்ஜியம்தான் என்று மாமா எனக்கு ஆசை காட்டினார். மணி வண்டியில் ஏறவில்லை. வாத்தியார் வேலை தவிர வேறு வேலை செய்து பழக்கமில்லாத அப்பா, அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கி ஏற்றினார். ஊசி அட்டையை மாமாவின் பையில் வைத்தார். வண்டி போன பிறகு கை கழுவாமல் அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பொய் சொல்லாதே என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார். ஊரே பார்க்கப் பொய் சொன்னாரே என்று இருந்தது. என் அப்பா ஒரு கோழை என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா மேல் இன்னும் கோபம். அவள் எதிரியோடு சேர்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் ஊசியே வேண்டாம் என்றார். உங்கள் நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கிறதே, எனக்கு எதற்கு என்று கேட்டார். அம்மா விடவில்லை. "நாய்க்குப் போட்டது நாய்க்குங்கண்ணா. உங்களுக்குத் தனியாப் போட்டே ஆவணும்" என்று சொல்லி, கடிபட்ட அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்ப் போடவைத்தாள். அடுத்தடுத்த ஊசிக்கும் அவளே தேதி நினைவு வைத்துக்கொண்டு கூடவே போனாள். மணிக்குத் தண்டனை, இவருக்கு உபசாரமா என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையிலும் சாயங்காலமும் அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கையில் ஒரு வறுக்கி ரொட்டியும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். ஜிம்மிக்கு. மணிக்கு வாங்கிய வறுக்கி அது. அதைப் போட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. ஜிம்மி அந்தத் தண்ணீரை நக்கிக் குடித்து முடிக்கும் வரைக்கும் அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஐந்தாம் நாள் காலையில் ஜிம்மி தண்ணீரைத் தொடவில்லை. அம்மா வேலைக்குக் கிளம்பாமல் அங்கேயே இருந்தாள். பத்து மணிக்கு மேல் அது குடித்த பிறகுதான் புடவையை மாற்றினாள். அன்று கிளினிக்கில் திட்டு வாங்கினாள். சிஸ்டரம்மாவுக்கு ஜிம்மி மேல் எவ்வளவு ஆசை பார் என்று வீட்டுக்காரம்மா தெருவெல்லாம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அப்பா மளிகைக்கடையிலிருந்து எட்டோ பத்தோ காலி அட்டைப்பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். பரீட்சைத் தாள் வைக்க இருக்கும் என்று நினைத்தேன். பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் ஜிம்மி கிண்ணத்துத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. வறுக்கியைத் தின்றது. கேட்டைத் திறந்த பால்காரரைப் பார்த்து வழக்கம்போலக் குலைத்தது. அம்மா உள்ளே வந்து, ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுப்படியில் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். மணிக்காக அழுகிறாள், அதுவும் பத்து நாள் தாமதமாக அழுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவை எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்து, ஜிம்மியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே ஊசி போட வந்தவரை அது கடிக்கப் பார்த்தது.

மணி மாந்தோப்பில் நாலைந்து வருடம் இருந்தது. ஒருவரையும் கடிக்கவில்லை. தோப்புக்காரர் அதைத்தான் குறையாகச் சொல்வாராம். மாங்காய் திருட வருகிறவனிடமும் போய்ப் பின்புறத்தை ஆட்டுகிறதாம். நான் ஒரே ஒரு முறை மாமாவோடு போய்ப் பார்த்தேன். முன்காலைத் தூக்கி என் இடுப்பில் வைத்தது. நான் பிஸ்கட் கொண்டுபோயிருக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தேன். வீட்டைக் காட்டுவார்கள், சிரித்துப் பேசுவார்கள். பிறகு சொந்த ஊர் எது என்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். எந்த சர்ச், என்ன சமைப்பீர்கள் என்பார்கள். சாயங்காலம் போன் பண்ணி, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். ஆறாவது வீடும் அப்படிப் போன வாரம், ஊருக்குப் போய் அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன். அவள் கேட்டுவிட்டு, திருத்தணியில் அந்தப் பின்பக்கம் நாங்கள் பதினோராவதாகக் கேட்ட வீடு என்றாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் தடுத்தும் அந்த மனிதர் கொடுத்தார் என்றாள். பிறகு, கேட்காமலே, ஜிம்மியைப் பற்றிச் சொன்னாள்.

ஊசி போடாத நாய் கடித்தால் பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் விழுங்க முடியாமல் போனாலோ செத்தாலோ வெறிநோய் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கு ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் ஜிம்மி அந்த வீட்டுப் பிள்ளைகளையும் நாளுக்கு ஒருமுறை கடித்துக்கொண்டிருந்தது.

"அவன் தண்ணி குடிக்கலன்னா, அந்த நிமிசமே உண்மைய சொல்லிட்றதுன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. சொல்லிட்டு, அவங்க கேக்கறதுக்கு முன்ன நாமளே காலி பண்ணிக்கினு போயிட்றதுன்னு."

அப்படியானால் அந்த அட்டைப்பெட்டிகள் என்று கேட்டேன். ஆங் என்றாள் அம்மா.

பத்தாம் நாள் சாயங்காலம் அப்பா அந்தப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, திரும்பச் சைக்கிளில் கட்டி, கடையில் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது எனக்கு ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட் வாங்கி வந்தார். வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனேன்.